உடம்பில் ஒரு காலி இடம்

மில் கேட்டில் கதவடைப்பு நோட்டீஸ் ஒட்டி மூன்று மாதம் ஆகியிருந்தபோது மாமா என்னைக் கடலுக்கு வரச் சொன்னார். மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. என் மனைவியின் அப்பாவும் அவர்தான். எழுபதுகளின் கடைசி அது. நாங்களும் கடற்கரை ஆட்கள்தான். ஆனால் என் அப்பா வாலிபத்திலேயே வலையை விட்டுவிட்டு மில்லில் சேர்ந்தார், மில்லுக்குப் பக்கத்திலேயே வீடும் பிடித்துக்கொண்டார். நான் பஞ்சுத் தூசியில் வளர்ந்தவன். கடலை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பீச் ரோட்டில் நின்று பார்ப்பேன். அதையும் கொஞ்சம் தள்ளி நின்றுதான்.

சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் எனக்கு வயிறு கலங்கும். ஏழாம் வகுப்புப் பரீட்சை அன்று கக்கூஸை விட்டு வெளியே வரவில்லை. பள்ளிக்கூடம் அத்தோடு நின்றுபோனது. மில்லில் மெஷின் நின்றால் என்னால்தான் நின்றது என்று நினைத்துக்கொள்வேன், நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். அப்படிப்பட்டவனைக் கட்டுமரத்தில் ஏறு என்றால் என்ன ஆவான்?

முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. என் மனைவிக்கு அப்போது ஆறாவது மாசம். மில் மூடியதும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வைத்திக்குப்பத்தில் மாமா வீட்டுக்கே வந்துவிட்டோம். வந்த நாளிலிருந்து அவள்தான் தன் அம்மாவோடு மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வந்தாள். இன்னும் கொஞ்ச நாளைக்கு மேல் அவளால் கூடை தூக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் முகத்துக்கு நேராக யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"மரத்துல ஒரு ஆளு கொறையுது மாப்ள. கூட வந்தவன் விசைப்படகுக்குப் போயிட்டான். நீ வா" என்றார் மாமா. கட்டுமரத்தை அவர்கள் மரம் என்றுதான் சொல்வார்கள். "ஆனா ஒண்ணு. பச்சை குத்திக்கிட்டுத்தான் கால வெக்கணும். பச்சை இல்லாத ஆள நான் ஏத்தமாட்டேன்."

சாமிக்கு ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்தேன். "கையில குத்திக்கிட்டா போதுமா மாமா?" என்று கேட்டேன்.

"கையில ஏது எடம்? ரெண்டு கையும் போயிடுச்சி. எங்க மூணு பேருக்கும் இல்லாத எடமாப் பாத்துச் சொல்லு."

எனக்குப் புரியவில்லை. மூத்த மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், பக்கத்தில் உட்கார்ந்து வலை கட்டிக்கொண்டிருந்தான். வாயில் இருந்த நூலைத் துப்பிவிட்டு, "பொணத்த அடையாளம் கண்டுக்கத்தான் மாப்ள" என்றான், ஏதோ டீக்கு சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில்.

மாமா அவனை முறைத்தார். பிறகு அவரே சொன்னார். அவருடைய அண்ணன் கடலில் போன கதை எனக்குத் தெரியும். முழுசாகத் தெரியாது.

"கடலூருக்கு அந்தாண்ட ஒதுங்கியிருக்குன்னு ஆளு வந்து சொன்னான். அடிச்சிப் புடிச்சிப் போறோம். போனா, அங்க வேற ஊர்க்காரங்க வந்து நிக்கிறாங்க. அவங்க ஆளும் அதே காத்துல போனவன். மூஞ்சி இல்ல மாப்ள. நாங்க எங்க ஆளுன்றோம், அவங்க அவங்க ஆளுன்றாங்க. அவங்க நெறய பேரு. தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. எவன் வீட்டுலயோ கொள்ளி வெச்சாங்க. அது எங்க அண்ணனா இல்லையான்னு இன்னி வரைக்கும் தெரியாது. தாலிய எடுக்கறதா வேணாமான்னு தெரியாம அண்ணி எத்தினி வருஷம் இருந்துச்சி தெரியுமா?"

அதற்கப்புறம் மாமா போட்ட சட்டம் அது. அவர் மரத்தில் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு பச்சை, ஆளுக்கொரு இடத்தில். ஒருத்தனுக்கு இருக்கிற இடத்தில் இன்னொருத்தன் குத்திக்கொள்ளக் கூடாது. என்ன படம் என்பது பற்றி அவருக்குக் கவலையில்லை. "தண்ணியில ஊறிப்போச்சின்னா மீனும் ஒண்ணுதான் வேலும் ஒண்ணுதான், வெறும் திட்டு. எந்த எடத்துல இருக்குன்றதுதான் கணக்கு" என்றார். மாமாவுக்கு வலது முன்கை. மூத்த மச்சானுக்கு இடது முன்கை. இளைய மச்சானுக்கு மார்பு.

"விசைப்படகுக்குப் போனவருக்கு எங்க?"

"எடது புஜம்."

"அது இப்ப காலிதான?"

மூத்த மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். "வேலையக் குடுத்துட்டுப் போனவன் கையையுமா குடுத்துட்டுப் போனான்? அவனும் இதே கடலுலதான மாப்ள இருக்கான்."

அன்றிலிருந்து என் உடம்பே எனக்குத் தொந்தரவாகிப்போனது. அதுவரை கை கால் என்று இருந்தது, திடீரென்று ஒவ்வொரு இடமாகப் பிரிந்து நின்றது. வலது புஜத்தில் அம்மை குத்திய தழும்பு இரண்டு, ஒன்றை ஒன்று தொட்டபடி பெரிசாக இருந்தன. பச்சைக்குப் பதில் இதையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாமே என்று மச்சானிடம் போய்ச் சொன்னேன். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

"அம்மை குத்துனது ஊருக்கே இருக்கு மாப்ள. அதப் பாத்து எடுத்துட்டு வரச் சொன்னா, என் தங்கச்சி யாரு பொணத்த வேணா எடுத்துட்டு வருவா."

தழும்புக்கு மேல் மை பிடிக்காது என்றும் சொன்னார்கள். கெண்டைக்கால் என்று நினைத்தேன். நண்டு காலிலிருந்துதான் ஆரம்பிக்கும் என்றான் மச்சான். வயிறு என்றேன். அது ஊதிவிடும் என்றான். இவனிடம் கேட்கவே கூடாது என்று முடிவு செய்வேன், பத்து நிமிஷத்தில் போய் அடுத்ததைக் கேட்பேன். அவனும் சலிக்காமல் பதில் சொல்வான். என் முகம் வெளுப்பதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு குஷி.

தொடை என்று என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏய்யா, கரையில அத்தினி பேரு முன்னால நான் வந்து வேட்டியத் தூக்கிப் பாக்கணுமா? மானம் போவ."

"அப்ப நான் உசுரோடவே இருக்கமாட்டேனே."

"எனக்கு இருக்கும்ல மானம்?"

பக்கத்துத் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் புஜத்தில் ஒரு பாம்பு சுற்றியிருக்கும். யோசித்துத்தானே இடம் பார்த்திருப்பார் என்று போய்க் கேட்டேன்.

"யோசிச்சா? சைகோன்ல நல்லா குடிச்சிட்டுப் படுத்தேன். காலைல எழுந்து பாத்தா கையில பாம்பு. எடுத்து அடிக்கப் போயிட்டேன்" என்றார். செத்தால் அடையாளத்துக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "அதுக்குக் கழுத்துல தகடு குடுப்பான். நம்பரு இருக்கும். செத்தா பாதிய ஒடச்சி எடுத்துப்பான். வாலா, முடிஞ்சிது" என்று பாதி பிரெஞ்சில் சொல்லிக் கையைத் தட்டிக் காட்டினார்.

தகடு எவ்வளவு நல்ல விஷயம்! ஊசி இல்லை, இடம் பார்க்கிற வேலை இல்லை. ஓடி வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்க அண்ணன் கழுத்துல தாயத்து இருந்திச்சி, வெள்ளிச் சங்கிலி இருந்திச்சி. கடலு மொதல்ல அதத்தான் கழட்டும்" என்றார்.

பச்சை குத்துகிற பெண் குப்பத்துக்கு வாராவாரம் வருவாள். முதல் தடவை வந்தபோது இன்று செவ்வாய்க்கிழமை, வேண்டாம் என்றேன். அடுத்த தடவை உடம்பு சுடுகிற மாதிரி இருக்கிறது என்றேன். சுட்டது நிஜம்தான், நினைத்து நினைத்தே வந்த சூடு. அன்று சாயங்காலம் என் மனைவி மார்க்கெட்டிலிருந்து வந்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் வீங்கி, கொலுசு சதையில் பதிந்திருந்தது. கழற்ற முயன்றாள், முடியவில்லை. நான் எண்ணெய் தடவிக் கழற்றிவிட்டேன்.

குனிந்திருந்த என் தலைக்கு மேலே கேட்டாள். "நீ எடம் தேடுறியா, நாளத் தள்ளுறியா?"

இடம் கிடைக்காதவரை கடல் இல்லை என்பது எனக்குள் ஒரு மூலையில் எப்போதோ ஏறி உட்கார்ந்திருந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"எனக்கு எங்க குத்துனாலும் ஒண்ணுதான். சீக்கிரம் குத்து. இன்னும் பத்து நாள் போனா கூடையும் தூக்கமாட்டேன், உன்னையும் தூக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மச்சானிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். ஒதுங்குகிறவன் எப்படி ஒதுங்குவான், மல்லாந்தா, குப்புறவா?

"குப்புறத்தான்" என்றான். முதல் தடவையாகச் சிரிக்காமல் சொன்னான்.

அப்படியென்றால் முதுகு. கரையில் நிற்கிறவர்கள் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான், யாரும் எதையும் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை. என் முதுகை நானே பார்க்க முடியாது, அங்கே கோணலாகக் குத்திவிட்டால்கூட எனக்குத் தெரியாதே என்று ஒரு கவலை எழுந்தது. அதை அடக்கிக்கொண்டு மாமாவிடம் சொன்னேன். "நல்ல எடம். யாருக்கும் இல்ல" என்றார்.

அடுத்த வாரம் அவள் வந்தாள், பச்சை குத்துகிறவள். மத்தியானம். ஏலம் முடிந்து, மரங்களை மேலே இழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். "எண்ணெப் பிசுக்கு இருந்தா மை புடிக்காது. முழுகிட்டு வா" என்றாள். நான் முழுகவில்லை. விளிம்பில் உட்கார்ந்தேன், வந்த அலை ஒன்று என்னைப் புரட்டி மணலில் போட்டது, அதுவே போதும் என்று எழுந்து வந்தேன். அங்கேயே ஈரமணலில் குப்புறப் படுக்கச் சொன்னாள். குச்சியை மையில் தொட்டு முதுகில் ஏதோ கோடு போட்டாள். பாதியில் மை கெட்டியாகிவிட்டது என்று எழுந்தாள். "வீட்டாண்ட போயி நல்ல தண்ணி வாங்கியாறேன். அசையாத. கோடு அழிஞ்சிதுன்னா மறுபடி மொதல்லேருந்து" என்றாள்.

அசையாதே என்றால் நான் அசையாமல் கிடக்கிறவன். வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கன்னம் மணலில் பதிய, கையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கிடந்தேன். அலை நுனி வந்து காலை நனைத்துவிட்டுப் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் பெண்கள் குரல் கேட்டது.

"ஏ, அங்க பாருடி. யாரோ கெடக்கிறாங்க."

"ஐயய்யோ, ஒதுங்கியிருக்குடி."

எங்கேயோ பக்கத்தில் பிணம் ஒதுங்கியிருக்கிறது! இத்தனை நாளாக நினைத்து நினைத்து அதை நானே வரவழைத்துவிட்டேன் என்று தோன்றியது. எந்தப் பக்கம் கிடக்கிறதோ, தலையைத் தூக்கினால் நேராக அதன் மேல்தான் கண் விழும். இறுக்க மூடிக்கொண்டேன். கால் சத்தம் அதிகமானது.

"எந்த ஊரு ஆளோ பாவம். சின்ன வயசுதான்."

"கிட்டப் போவாத. போலீசுக்குச் சொல்லணும்."

"முதுகுல பாரு, கருப்பா கோடு கோடா. கடலுல போனவன் இல்ல இவன். எவனோ அடிச்சிப் போட்டுருக்கான்."

கொலையா! எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அவன் முதுகிலும் கோடா என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த நிமிஷத்தில் உலகத்தில் உள்ள எல்லா முதுகிலும் கோடு இருக்கலாம், என்னுடையதைத் தவிர.

அப்போது அன்னக்கூடை ஒன்று மணலில் விழுகிற சத்தம். கூடவே ஒரு அலறல். அது என் மனைவியின் குரல். மார்க்கெட்டிலிருந்து கரை வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறாள். பிள்ளைத்தாய்ச்சி, இந்தக் கோரத்தைப் பார்த்துவிட்டாளே என்றுதான் எனக்குப் பட்டது. பிணம் கிடந்தால் கிடக்கட்டும் என்று துள்ளி எழுந்து அவளைப் பிடிக்க ஓடினேன்.

சுற்றி நின்ற கூட்டம் அலறிக்கொண்டு நாலு பக்கமும் சிதறியது. ஒரு அம்மாள் மரத்தின் மேலேயே ஏறிவிட்டாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மணலில் எதுவும் இல்லை. நான் படுத்திருந்த பள்ளம்தான் இருந்தது.

அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். உதட்டில் நிறமே இல்லை. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு தலையிலிருந்த சும்மாட்டை உருவி என்னை அடிக்க ஆரம்பித்தாள். ஈரத்துணி, மீன் நாற்றம். தோளில் விழுந்தது, முகத்தில் விழுந்தது.

"படுபாவி! அவ்ளோ தூரத்துல வரும்போதே தெரிஞ்சிபோச்சி, இது எம் புருஷன் முதுகுன்னு. கும்பலு சந்துல மொதல்ல கால் தெரிஞ்சிது, அப்புறம் முதுகு. அப்பவே செத்துட்டேன்டா நானு!"

அவள் என்னை டா போட்டது அதுதான் முதல் தடவை.

சத்தம் கேட்டு மாமாவும் மச்சானும் எச்சில் கையோடு ஓடிவந்தார்கள். பச்சை குத்துகிறவள் சொம்புத் தண்ணீரோடு வந்து, கோடு அழிந்துவிட்டது என்று என்மேல் கோபப்பட்டாள். நடந்ததைக் கேட்டதும் மச்சானுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அப்ப பச்சையே தேவயில்ல நைனா. இவதான் தூரத்துலேருந்தே கண்டுபுடிச்சிட்டாளே."

"நீ சும்மா இரு" என்றாள் அவள். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, பச்சை குத்துகிறவளைப் பார்த்துச் சொன்னாள். "முதுகுல வேணாம். பொறங்கையில குத்து. வலது கை."

"பொறங்கையிலயா? கயிறு இழுக்கிற கை. ஒரே வருஷத்துல தேஞ்சிடும்" என்றார் மாமா. "அதான் அங்க எவனும் குத்திக்கல."

"தேயட்டும். தேஞ்சா மறுபடி குத்திக்கட்டும்."

"அடையாளத்துக்குன்னுதான் நான் சொன்னது..."

"நைனா, அவரு சோறு திங்கும்போது நான் பாக்கணும். எனக்கு அவ்ளோதான். முதுகுல இருந்தா எனக்கு இன்னிக்கிப் பாத்ததுதான் ஞாபகம் வரும்."

மாமா என் கையைப் பார்த்தார், மகளின் வயிற்றைப் பார்த்தார். "யாருக்கும் இல்லாத எடந்தான்" என்றார். சட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

என்னை யாரும் கேட்கவில்லை. இத்தனை நாள் இடம் தேடியவன் நான். ஆனால் அப்போது எனக்கு வந்தது நிம்மதிதான், பொய் சொல்ல மாட்டேன். அங்கேயே மரத்தின் மேல் உட்கார்ந்து கையை நீட்டினேன். தேள் போடட்டுமா என்றாள் பச்சை குத்துகிறவள். வேண்டாம், மீன் போடு என்றாள் என் மனைவி. எலும்புக்கு மேலே தோல் மெலிசு, ஒவ்வொரு குத்தும் முழங்கைவரை போயிற்று. அவள் என் மணிக்கட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மீனுக்குக் கண் வைக்கும்போது கையை உதறிவிட்டேன். கண் தலைக்கு வெளியே விழுந்தது. மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "மீனு உன்ன மாதிரியே பக்கத்துல யாரு வர்றான்னு பாத்துக்கிட்டே போவுது மாப்ள" என்றான்.

மஞ்சள் தடவிவிட்டார்கள். கை ஆறட்டும், நாலு நாள் கழித்துப் போகலாம் என்றார் மாமா. நாலு நாள் எனக்குக் கிடைத்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். அடுத்த கவலை ஒன்றை எப்படியாவது தேடிப் பிடித்துவிடுவேன். "நாளைக்கே வர்றேன் மாமா" என்றேன்.

விடிவதற்கு முன் மரத்தைத் தள்ளினோம். முதல் அலை முகத்தில் அடித்தது, இரண்டாவது அலை கையை மூடியது. அவ்வளவுதான். உப்புத் தண்ணீர் புதுப் பச்சையில் இறங்கி, மிளகாய்ப் பொடியைப் போட்டுத் தேய்த்த மாதிரி எரிந்தது. துடுப்பைப் பிடித்தால் எரிந்தது, விட்டால் எரிந்தது. கையை உதறுவதும் ஊதுவதுமாக இருந்தேன். "ஆடாதய்யா, மரம் சாயுது" என்று இளைய மச்சான் கத்தினான். வாந்தி எடுத்தேன். எடுத்தபோதும் கைதான் எரிந்தது. ஆழத்தைப் பற்றி நினைக்கலாம் என்று பலமுறை ஆரம்பித்தேன், ஒவ்வொரு தடவையும் ஒரு அலை வந்து கையில் பட்டது. வலையை இழுக்கும்போது கயிறு மீனின் மேலேயே உராய்ந்தது. மாமா பார்த்துவிட்டு, இடத்தை மாற்றிக்கொள் என்றார். இந்தப் பக்கம் வந்தேன், அங்கேயும் உராய்ந்தது.

மீன்பாடு சுமாராகத்தான் இருந்தது. கரையில் ஏலம் முடிந்ததும் மாமியார் கூடையைத் தூக்கிக்கொண்டாள். என் மனைவியும் சும்மாட்டைச் சுற்றப் போனாள். "நீ வாணாம், வீட்டுக்குப் போ" என்று மாமியார் மட்டும் நடந்தாள். இவள் சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து, என் கையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். இட்லி மாதிரி வீங்கியிருந்தது. மீன் எது, கண் எது என்று தெரியவில்லை.

"எரியுதா?"

"எரியுது."

"நாளைக்கி?"

"போறேன்" என்றேன். "நீ மொதல்ல வந்து ஒக்காரு. காலப் பாரு எப்படி வீங்கியிருக்குன்னு."